ஆடாசிட்டியில் எடிட் செய்த பிறகு "சட்டம்" "சடம்" ஆகிவிடுகிறது. பாடம் வாசித்துப் பதிவு செய்பவர்கள் உதவவும்

காரைக்குடி வாசகி:

எல்லோருக்கும் வணக்கம். நான் எம்.ஏ. வரலாறு படிக்கிறேன். பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடப்புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து கொடுக்கும் ஒரு குழுவில் சேர்ந்திருக்கிறேன். எனக்கு வந்தது பதினோராம் வகுப்பு வரலாறு.

பதிவு செய்யும் இடம் எங்கள் வீட்டு மாடி அறை. மொசைக் தரை, வெறும் சுவர், ஒரு கட்டில், ஒரு பீரோ. காலரில் மாட்டும் சின்ன மைக், பழைய லேப்டாப், ஒலியைப் பதிந்து எடிட் செய்யும் ஆடாசிட்டி 3 மென்பொருள். மதியம் வெயில் தாங்காது என்பதால் ஃபேன் ஓடும்.

பதிவு முடிந்ததும் நான் செய்வது இவ்வளவுதான். முதலில் நாய்ஸ் ரிடக்‌ஷன், 24 டெசிபல். அதிலும் ஃபேன் சத்தம் முழுக்கப் போகாததால் இன்னொரு தடவை போடுவேன். அப்புறம் மூச்சு விடும் இடைவெளி, பக்கம் புரட்டும் இடைவெளி எல்லாம் நீளமாக இருப்பதால் ட்ரங்கேட் சைலன்ஸ். அதில் 0.1 நொடிக்கு மேல் வரும் அமைதியை 0.05 நொடியாகச் சுருக்கு என்று கொடுத்திருக்கிறேன். மற்றதெல்லாம் அதில் ஏற்கெனவே இருந்த அளவு. கடைசியாக, மொத்தச் சத்தத்தையும் வேண்டிய அளவுக்கு உயர்த்தும் நார்மலைஸ்.

குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கிறது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். குழுவில் சரிபார்ப்பவர், "மெய்யெழுத்தை விழுங்குகிறீர்கள், உச்சரிப்பைக் கவனியுங்கள்" என்று எழுதிவிட்டார். கேட்டுப் பார்த்தால் உண்மைதான். "சட்டமன்றம்" என்பது "சடமன்றம்" என்று விழுகிறது. "வந்து", "அது", "பாட்டு" எல்லாம் கடைசி எழுத்து இல்லாமல் நிற்கிறது. ஆனால் எடிட் செய்யாத பதிவில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது! எங்கே கெடுகிறது? நல்ல மைக் வாங்கினால் சரியாகுமா?

டெக் தம்பி:

இவ்வளவு கஷ்டம் எதற்கு அக்கா? ஏஐ வைத்து இரைச்சல் நீக்கும் தளங்கள் நிறைய வந்துவிட்டன. ஏற்றினால் ஸ்டூடியோ குரலாகத் திருப்பித் தரும். ஒரே க்ளிக். மைக் வாங்குவதானால் கண்டென்சர் வாங்குங்கள், மெல்லிய சத்தத்தையும் பிடிக்கும் மைக் அது.

மதுரை ஒலிக்காரன்:

உங்கள் உச்சரிப்பில் ஒரு குறையும் இல்லை, தங்கச்சி. எழுத்தைத் தின்றது ட்ரங்கேட் சைலன்ஸ்.

"சட்டம்" என்று நிதானமாக ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். "ச" வந்த பிறகு நாக்கு மேலே போய் ஒட்டிக்கொள்கிறது. அது பிரியும் வரை வாயிலிருந்து சத்தமே வராது. அந்த அடைப்புதான் "ட்". க்க, ச்ச, ட்ட, த்த, ப்ப, ற்ற என்று வல்லினம் இரட்டிக்கும் இடமெல்லாம் இப்படித்தான். உங்கள் பதிவைப் பெரிதாக்கி அலையைப் பாருங்கள், அந்த இடத்தில் கோடு தட்டையாகக் கிடக்கும். நிறுத்தி வாசிப்பவர்களுக்கு அது 0.1 நொடியைத் தாராளமாகத் தாண்டும். நீங்கள் 0.1க்கு மேல் இருந்தால் சுருக்கு என்று சொல்லியிருக்கிறீர்கள், அதுவும் சொன்னதைச் செய்துவிட்டது. அது எழுத்தா இடைவெளியா என்று அதற்கு எப்படித் தெரியும்? இங்கிலீஷ் வீடியோ பார்த்து அந்த அளவை அப்படியே போடுகிற நம் ஆட்கள் பலருக்கு இது நடக்கிறது. அந்த மொழியில் ஒரு சொல்லுக்குள் ஒற்று இரட்டித்து ஒலிப்பது கிடையாது, அதனால் அவர்களுக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை.

கடைசி எழுத்து போனதற்குக் காரணம் வேறு. அந்த எஃபெக்டில் எதை அமைதி என்று எடுத்துக்கொள்வது என்பதற்கு ஓர் அளவு இருக்கும். நீங்கள் மாற்றாமல் விட்டது -20 டெசிபல் (இந்தக் கணக்கில் 0தான் உச்சம், மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாகச் சத்தம் குறைவு). பேச்சுக்கு இது ரொம்ப மேலே. "வந்து", "பாட்டு" இவற்றில் கடைசியில் வருவது குற்றியலுகரம், இலக்கணத்திலேயே அரை மாத்திரைதான். வாக்கியக் கடைசியில் குரல் இறங்கும்போது அது இன்னும் மெலிந்துவிடும். -20க்குக் கீழே போனதும் அதையும் அமைதிக் கணக்கில் சேர்த்து வெட்டுகிறது. போதாக்குறைக்கு நீங்கள் வெட்டிய பிறகுதான் நார்மலைஸ் செய்கிறீர்கள். அதாவது சத்தம் குறைவாக இருக்கும் நிலையிலேயே கத்தி போடுகிறீர்கள்.

என்னைக் கேட்டால் பாட வாசிப்புக்கு அந்த எஃபெக்டே வேண்டாம். போட்டே ஆக வேண்டும் என்றால் -45 டெசிபல், 1.5 நொடிக்கு மேல் இருந்தால் 0.8 நொடியாக்கு, அவ்வளவுதான். நாய்ஸ் கேட் என்று இன்னொன்று இருக்கிறது, ஓர் அளவுக்குக் கீழே இறங்கும் சத்தத்தை அடைத்துவிடும். அதுவும் இதே உகரத்தைத் தின்னும். தொடாதீர்கள்.

கிணற்றுச் சத்தத்துக்கு வருகிறேன். நாய்ஸ் ரிடக்‌ஷன் செய்வது இதுதான்: வெறும் இரைச்சலை மட்டும் காட்டினால், எந்தெந்த அலைவரிசையில் எவ்வளவு இரைச்சல் என்று அது குறித்துக்கொள்ளும். பிறகு முழுப் பதிவிலும் அந்த அளவுக்குக் கீழே கிடப்பதையெல்லாம் அமுக்கும். ஃபேன் மாதிரி ஒரே சீராக வரும் சத்தத்துக்குத்தான் இது உதவும். காக்கா, குக்கர் விசில், தெருவில் போகும் ஆட்டோ எதற்கும் உதவாது. 24 வைத்து இரண்டு தடவை போட்டால் இரைச்சலோடு குரலின் மெல்லிய ஓரங்களும் போய், மிச்சம் தண்ணீருக்குள் பேசுவதாகக் கேட்கும். 6 முதல் 9 வரை வையுங்கள், ஒரே தடவை. அந்தப் பெட்டியிலேயே கீழே "ரெசிட்யூ" என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதை அழுத்தி முன்னோட்டம் கேட்டால் எது நீக்கப்படப் போகிறதோ அது மட்டும் கேட்கும். அதில் உங்கள் குரல் கேட்டால் அளவைக் குறையுங்கள். காசு வாங்கி எடிட் செய்பவர்களே பலர் இதைத் தொட்டுப் பார்ப்பதில்லை.

ஆனால் இதெல்லாம் இரண்டாம்பட்சம். ஃபேனை நிறுத்துங்கள். மதியத்தை விட்டுவிட்டு விடியற்காலையில் வாசியுங்கள், தெருவும் அடங்கியிருக்கும். ஃபேன் சத்தத்தைக்கூட ஓரளவு எடுத்துவிடலாம், மொசைக்கிலும் வெறும் சுவரிலும் மோதித் திரும்பும் எதிரொலியை எடுப்பது பெரும்பாடு. கட்டில் மெத்தையைத் தூக்கி உங்களுக்கு எதிரே சுவரோரம் நிமிர்த்துங்கள். பீரோ கதவைத் திறந்து, துணி அடுக்கு உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி உட்காருங்கள். தரையில் ஜமுக்காளம். பார்க்க வேடிக்கையாக இருக்கும், யாருக்குத் தெரியப் போகிறது?

மைக் இப்போதைக்கு வாங்க வேண்டாம். தம்பி சொன்ன கண்டென்சர் நல்ல மைக்தான், ஆனால் அந்த அறையில் வைத்தால் அடுத்த வீட்டு மிக்ஸியையும் சேர்த்துக் கொண்டுவந்து தரும். உங்கள் காலர் மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், துப்பட்டாவும் சங்கிலியும் உரசாத இடத்தில் மாட்டுங்கள். மைக் விலகும் தூரம் இரட்டிப்பானால் குரல் சுமார் 6 டெசிபல் இறங்கும், அறையின் எதிரொலியோ இறங்காது. வளையலைக் கழற்றிவிடுங்கள்.

ஏஐ பற்றி ஒரு வார்த்தை. நான் போட்டுப் பார்த்த வரை, சுத்தமான பதிவைக் கொடுத்தால் சுத்தமாகத் தருகிறது. இரைச்சல் மிகுந்ததைக் கொடுத்தால் கேட்காத எழுத்தை அதுவே ஊகித்து நிரப்புகிறது. ழ, ள, ல மூன்றும் குழம்பிப்போகும். கல்யாண வீடியோவுக்குப் பரவாயில்லை. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு வேண்டாம்.

காரைக்குடி வாசகி:

அண்ணா, ரொம்ப நன்றி. பழைய பதிவில் அலையைப் பெரிதாக்கிப் பார்த்தேன், "ட்ட" வரும் இடத்தில் நீங்கள் சொன்ன தட்டைக் கோடு அப்படியே இருக்கிறது. ட்ரங்கேட் இல்லாமல் ஒரு பக்கம் செய்து பார்த்தேன், எல்லா எழுத்தும் வந்துவிட்டது. ஃபேனை நிறுத்தியும் அடியில் மெலிதாக "உர்ர்" என்று ஒரு சத்தம் இருக்கிறது. இன்னொன்று, சில வாக்கியங்களில் முதல் எழுத்து பதிவிலேயே மெலிதாக வருகிறது. அப்புறம், வாசிக்கும்போது தடுமாறினால் என்ன செய்வது? இப்போது முழுக்க வாசித்துவிட்டு, பிறகு தேடித் தேடி வெட்டுகிறேன். வாசிப்பதை விட வெட்டத்தான் நேரம் போகிறது.

மதுரை ஒலிக்காரன்:

"உர்ர்" என்றால் முதலில் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுக் கேளுங்கள். இரண்டு முள் சார்ஜரில் எர்த் கிடையாது. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அது மைக் வழியாக ஏறும்போது 50, 100, 150 என்று அடுக்காக வரும். பேட்டரியில் ஓட்டினால் பெரும்பாலும் போய்விடும். போகாவிட்டால் பழைய சோக் வைத்த ட்யூப்லைட்டைச் சந்தேகப்படுங்கள். மீதி இருந்தால் ஹை-பாஸ் ஃபில்டர் 80 ஹெர்ட்ஸ். பெண் குரலுக்கு அதற்குக் கீழே எதுவும் இல்லை, தைரியமாக வெட்டலாம்.

முதல் எழுத்து மெலிவது விண்டோஸ் வேலையாக இருக்கலாம். சவுண்ட் செட்டிங்கில் மைக்கைத் திறந்தால் "ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்" இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். வீடியோ காலுக்காக வைத்தது. நீங்கள் நிறுத்தினால் மைக்கை அமுக்கி, பேச ஆரம்பித்த பிறகுதான் திறக்கும். ப்ளூடூத் ஹெட்செட் மைக்கில் பதியும் யோசனை இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள், மைக் வேலை செய்ய ஆரம்பித்ததும் தரம் டெலிபோன் அளவுக்கு இறங்கிவிடும்.

தடுமாறினால் ஷிஃப்ட்+டி. பஞ்ச் அண்டு ரோல் என்று பெயர். பதிவை நிறுத்தி, தவறிய வாக்கியத்துக்கு முந்தைய இடைவெளியில் கர்சரை வைத்து அதை அழுத்துங்கள். முந்தைய 5 நொடியை ஓட்டிக் காட்டிவிட்டு, கர்சர் வைத்த இடத்திலிருந்து தானாகப் பதிய ஆரம்பிக்கும். காதில் ஹெட்போன் கட்டாயம், இல்லாவிட்டால் ஓடுகிற பழைய குரலும் மைக்கில் ஏறும். கர்சருக்கு வலப்பக்கம் இருப்பது அழிந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். வாசித்துக்கொண்டே போகும்போது மட்டும்தான் இது, முடித்த பாடத்தின் நடுவில் கை வைக்க அல்ல. இது பழகிவிட்டால் பாடம் முடியும்போது எடிட்டிங்கும் பாதிக்கு மேல் முடிந்திருக்கும்.

விரல்நுனி:

கேட்கிற பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன். எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. இப்படிப்பட்ட பதிவுகளைக் கேட்டுத்தான் படித்தேன், இப்போது வங்கியில் வேலை. இந்தத் திரியையும் என்விடிஏ திரைவாசிப்பான் வாசிக்கத்தான் கேட்டேன்.

சகோதரி, இடைவெளியைச் சுருக்குவது எங்களுக்காக என்றால் வேண்டவே வேண்டாம். வேகம் வேண்டுமென்றால் நாங்களே ஏற்றிக்கொள்வோம். நான் பாடங்களை 1.75 மடங்கில் கேட்பவன். இடைவெளியை ஏற்கெனவே நறுக்கிவிட்டால் அந்த வேகத்தில் காற்புள்ளி எது, முற்றுப்புள்ளி எது, பத்தி எங்கே மாறியது என்று ஒன்றும் தெரியாது. மூச்சுச் சத்தம் இருந்தால் பரவாயில்லை. பின்னணி இசை மட்டும் போட்டுவிடாதீர்கள். சிலர் அன்பாக வீணையெல்லாம் போடுகிறார்கள், வேகமாக ஓட்டினால் தலைவலி.

பக்கம் மாறும்போது "பக்கம் 47" என்று சொல்லுங்கள். வகுப்பில் ஆசிரியர் பக்க எண் சொல்லித்தான் எடுக்கச் சொல்வார். வரைபடம் வந்தால் "இங்கே ஒரு வரைபடம் உள்ளது" என்று மட்டும் சொல்லித் தாண்டிப் போகிறார்கள், அது ஒன்றுக்கும் பயன்படாது. அசோகர் காலப் பேரரசின் வரைபடம் என்றால் வடமேற்கில் எதுவரை, தெற்கே எதுவரை, எந்தெந்த ஊர்கள் குறிக்கப்பட்டுள்ளன என்று இரண்டு வரி போதும். அட்டவணையில் ஒவ்வொரு வரிசைக்கும் தலைப்பைச் சேர்த்து வாசியுங்கள். கோப்புப் பெயரில் 01, 02 என்று பூஜ்யத்தோடு எண் போடுங்கள். வெறும் 1 என்று போட்டால் பல பிளேயர்களில் 1க்கு அடுத்து 10 வந்து நிற்கும்.

எடிட்டிங்கில் ஒரு குறுக்குவழி. நானும் ஆடாசிட்டிதான், மவுஸ் இல்லாமல். ஓடிக்கொண்டிருக்கும்போதே இடது சதுர அடைப்பு விசையை அழுத்தினால் தேர்வின் தொடக்கம், வலது அடைப்பை அழுத்தினால் முடிவு. டெலிட். அலையைப் பார்க்காமல் காதால் வெட்டும்போது ஒற்றெழுத்து அவ்வளவு சுலபமாகத் தவறாது.

காரைக்குடி வாசகி:

ஐயா, வரைபடத்தை நானும் அப்படித்தான் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன், இனி விவரித்துச் சொல்கிறேன். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி, புத்தகத்தை இப்படி வாசித்துக் கொடுப்பது பதிப்புரிமைச் சிக்கல் என்று பயமுறுத்துகிறாள். உண்மையா? அப்புறம் முதல் பாடத்துக்கு மூலப் பதிவு இல்லை, வெட்டிய எம்பி3 மட்டும்தான் இருக்கிறது.

விரல்நுனி:

பயப்பட வேண்டாம். பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் வந்த திருத்தமே இதற்கு இடம் கொடுக்கிறது. மாற்றுத்திறனாளிகள் அணுகக்கூடிய வடிவத்துக்கு மாற்றி, லாபமில்லாமல் அவர்களுக்குக் கொடுப்பது மீறல் ஆகாது. மராகேஷ் ஒப்பந்தம் என்று 2013இல் இதற்காகவே உலக அளவில் ஒன்று போட்டார்கள், 2014இல் அதை முதலில் ஏற்று உறுதி செய்த நாடு இந்தியா. ஆனால் பொதுவில் யூடியூபில் ஏற்றிவிடாதீர்கள், அதற்கு இந்த விலக்கு செல்லாது. குழு வழியாகவே கொடுங்கள்.

மதுரை ஒலிக்காரன்:

முதல் பாடத்தை மறுபடி வாசித்துவிடுங்கள், அந்த எம்பி3யை ஒட்டுப்போட முடியாது. இனிமேல் வெட்டுவதற்கு முன் மூலத்தை வேவ் கோப்பாக ஏற்றுமதி செய்து தனியே வையுங்கள். மோனோவில் பதியுங்கள், ஒரே மைக்குக்கு ஸ்டீரியோ வீண். 32 பிட், 44,100 ஹெர்ட்ஸில் ஒரு மணி நேரத்துக்கு 600 எம்பிக்கு மேல் வரும். இடம் போகிறதே என்று அழிக்காதீர்கள், ஒரு ஹார்ட்டிஸ்க்கில் போட்டு வையுங்கள்.

பதியும்போது உச்சம் -12க்கும் -6க்கும் நடுவில் ஆடட்டும். சத்த அளவுக்குக் குழு எதுவும் சொல்லவில்லை என்றால் ஏசிஎக்ஸ் என்ற ஒலிநூல் தளம் கேட்கும் டெசிபல் கணக்கைப் பின்பற்றலாம்: சராசரி -23க்கும் -18க்கும் நடுவில், உச்சம் -3ஐத் தாண்டக் கூடாது, அறை இரைச்சல் -60க்குக் கீழே. லவுட்னெஸ் நார்மலைசேஷனில் ஆர்எம்எஸ் (அதுதான் அந்தச் சராசரி) என்று தேர்ந்து -20 கொடுத்து, உச்சம் தாண்டாமல் தடுக்க மேலே -3.5இல் ஒரு லிமிட்டர் போட்டால் முடிந்தது. மெத்தையையும் பீரோவையும் வைத்துக்கொண்டு -60 வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் அமைதியாக ஐந்து நொடி, அப்புறம் ஒரு பத்தி வாசித்து, எந்த எஃபெக்டும் போடாமல் இங்கே ஏற்றுங்கள், கேட்டுச் சொல்கிறேன்.