1993-இல் மோடம் லைனைப் பார்த்துக்கொண்ட லைன்மேன்கள் யாராவது இருக்கிறீர்களா?

வெண்ணாற்றங்கரை:
அப்பா டெலிபோன் லைன்மேன். போன மாதம் பரணில் அவர் பை கிடைத்தது. டயல் வைத்த டெஸ்ட் போன், மெழுகு உறைந்த டப்பா, ஒரு நோட்டு. 1993 ஐப்பசி, கார்த்திகையில் ஒரே நம்பருக்கு நேரே நான்கு இடத்தில் "மோடம், பேர் மாற்றியது" என்று எழுதியிருக்கிறார் (பேர் என்றால் ஒரு லைனுக்கான கம்பி ஜோடி). சில தேதிகளுக்குப் பக்கத்தில் "நு" என்று ஒற்றை எழுத்து. பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்ததே 1995 ஆகஸ்ட் 15-இல்தானே, அதற்கு முன்னால், கம்ப்யூட்டரைப் போன் லைனில் இணைக்கும் மோடம் எதற்கு? கேட்க அப்பா இல்லை.

குடமுருட்டி:
பிபிஎஸ்ஸாக இருக்கும், புல்லட்டின் போர்டு சிஸ்டம். யாரோ வீட்டில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு போன் லைன். நாம் அந்த நம்பருக்கு டயல் செய்து செய்தி படிப்போம், ஃபைல் இறக்குவோம். முதல் பிபிஎஸ் 1978 பிப்ரவரியில் சிகாகோவில் வந்தது. வார்ட் கிறிஸ்டென்சன் புரோகிராம் எழுதினார், ராண்டி சூயஸ் மெஷினைக் கட்டினார். அதன் மோடத்தின் வேகம் நொடிக்கு 300 பிட், அதாவது முப்பது எழுத்து. நான் தஞ்சாவூரிலிருந்து மெட்ராஸ் பிபிஎஸ்ஸுக்குப் போட்டவன். எஸ்டிடி, அதாவது வெளியூர் அழைப்பு என்பதால், கட்டணம் நாலில் ஒரு பங்காகும் இரவு 11 மணிக்குக் காத்திருப்பேன்.

அரசலாறு_லைன்மேன்:
தம்பி, நான் கும்பகோணத்துக்குத் தெற்கே அதே வேலை பார்த்தவன். எங்கள் பக்கம் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்த வாத்தியார் ஒருவர் மோடம் வைத்திருந்தார். "ஹலோ நல்லாக் கேக்குது, திரையில மட்டும் குப்பையா எழுத்து வருது"ன்னு கம்ப்ளெயின்ட் கொடுத்தார். டெஸ்ட் டெஸ்கில் லைன் ஓகே. பேச்சு கொஞ்சம் கரகரப்பைத் தாங்கும், காது விட்டதை மனசு நிரப்பிக்கொள்ளும். மோடத்துக்கு அந்த வசதி கிடையாது.

எங்களுடையது ஸ்ட்ரோஜர் எக்ஸ்சேஞ்ச், டயல் சுற்றச் சுற்ற இயந்திரம் படிப்படியாக நகர்ந்து இணைக்கும் பழைய வகை. ஒருத்தர் டயல் சுற்றினால் செலக்டர் டக் டக்கென்று ஏறும், அந்தச் சத்தம் பக்கத்து லைனில் பொறியாய் விழும். அதனால் கூட்டம் ஓய்ந்த ராத்திரியே நல்லது. டோனில் டயல் செய்தால் எக்ஸ்சேஞ்சுக்குப் புரியாது. வாத்தியாரை மோடத்துக்குக் கொடுக்கும் டயல் கட்டளையில் டி-க்குப் பதில் பி போடச் சொன்னேன், ஏடிடிபி, பல்ஸ் டயல். மாடியில் இருந்த பேரலல் போனையும் கழற்றினேன். அதை யாராவது எடுத்தால் இணைப்பே போய்விடும்.

பெரிய எதிரி ஈரம். மண்ணுக்குள் போகும் கேபிள், ஈய உறைக்குள்ளே காகிதம் சுற்றிய செம்புக் கம்பி. டெல்டா மண் தெரியுமே, கடப்பாரை போட்டால் தண்ணி. உறையில் மயிரிழை விரிசல் போதும், காகிதம் உறிஞ்சிவிடும். ஒரு கார்த்திகை ராத்திரி பதினொன்றரைக்கு வாய்க்கால் கரைக் குழியில் இறங்கி ஜாயிண்டைப் பிரித்தேன், முழங்கால் வரை சேறு. வேறு பேருக்கு மாற்றிவிட்டு, டெஸ்ட் போனில் என் சத்தம் லைனுக்குள் போகாமல் அமுக்கி வைத்துக் கேட்டேன். கீச்சென்று இரண்டு குரல், அப்புறம் ஒரே சீரான இரைச்சல். இரைச்சல் அப்படி ஒழுங்காக இருந்தால் பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். ஊரே தூங்கிற்று. மெட்ராஸில் யாரோ எழுதினது என் கைக்குள்ளே போய்க்கொண்டிருந்தது. அந்தச் சந்தோஷத்தை வீட்டில்கூடச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

பேர் மாற்றினால் தீராது, அந்தப் பேரும் நாலு மழையில் நனையும். உங்கள் அப்பா திரும்பத் திரும்ப மாற்றியது அதனால்தான்.

குடமுருட்டி:
அண்ணே, ஃபைல் பாதியில் அறுந்தபோதெல்லாம் நான் லைன்மேனைத் திட்டியிருக்கிறேன். எக்ஸ்மோடம் என்ற ஃபைல் அனுப்பும் முறையில் 128 பைட் துண்டாக அனுப்பும், தப்பாக வந்த துண்டை மறுபடி கேட்டு வாங்கும். ஆனால் லைன் அறுந்தால் முதலிலிருந்து தொடங்கவேண்டும். ஸீமோடம் என்ற அடுத்த முறை வந்த பிறகுதான் விட்ட இடத்திலிருந்து தொடரமுடிந்தது. நீங்கள் குழியில் நின்றது இத்தனை வருஷம் கழித்துத்தான் தெரிகிறது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

வெண்ணாற்றங்கரை:
ஐயா, அந்த "நு"?

அரசலாறு_லைன்மேன்:
நுரை, தம்பி. ஜாயிண்டிலிருந்து காகிதத்தில் ஒரு துணுக்கைக் கிள்ளிச் சூடான மெழுகில் போடுவோம். நுரைத்தால் உள்ளே ஈரம். அந்த டப்பா இதற்குத்தான்.