அடுத்த கொரோனா வந்தால் விமான வேலைகளை அரசு காப்பாற்ற வேண்டுமா? எங்கள் வீட்டுச் சண்டையை இங்கே கொண்டு வருகிறேன்

பள்ளத்தூர் பையன்
அக்கா மகனுக்கு விமான நிலையத்தில் வேலை கிடைத்திருக்கிறது, தரைப்பணி. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வளவில் (வீட்டு முற்றத்தில்) உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பெரியப்பச்சி, "இன்னொரு கொரோனா வந்தா முதல்ல மூடுறது அதைத்தானே" என்று ஒரு போடு போட்டார். வீடு இரண்டாகிவிட்டது. அவர் சொன்னதில் தப்பில்லை. 2020 மார்ச்சில் உள்நாடு, வெளிநாடு இரண்டும் நின்றன. உள்நாட்டு விமானம் மே 25இல் பாதிக்கும் குறைவாகத் தொடங்கியது, வழக்கமான வெளிநாட்டுச் சேவை திரும்ப 2022 மார்ச் 27 ஆகிவிட்டது. இரண்டு வருஷம்! பறக்காதே என்று சொன்னதே அரசுதான், அப்படியானால் அங்கே வேலை பார்ப்பவர்களுக்குச் சம்பளம் கொடுக்கிற பொறுப்பும் அரசுடையதுதான் என்பது என் கட்சி. அமெரிக்காவில் பயணிகள் விமான நிறுவனங்களுக்கு 2,500 கோடி டாலர் கொடுத்து, செப்டம்பர் 30 வரை ஆளை வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று எழுதி வாங்கினார்கள். நாம் ஏன் செய்யவில்லை?

ஆத்தங்குடிப் பட்டறை
தம்பி, விமானத்துக்கு மட்டும் என்ன கொம்பா முளைத்திருக்கிறது? 2020 ஏப்ரலில் என் டைல்ஸ் கல் பட்டறையில் ஏழு பேர். கண்ணாடி மேல் அச்சை வைத்து, கலர்க் கலவையை அகப்பையில் மொண்டு ஒவ்வொரு கட்டமாக ஊற்றுகிற வேலை, ஒருத்தன் பழக இரண்டு வருஷமாகும். தொட்டியில் ஊறின கல் ஊறினபடியே கிடந்தது, ஆர்டர் கொடுத்தவர் போனை எடுக்கவில்லை. வீட்டுக்காரி வளையலை அடகு வைத்து இரண்டு மாசம் அரைச் சம்பளம் கொடுத்தேன். மார்ச் 29இல் எல்லோருக்கும் முழுச் சம்பளம் கொடு என்று மத்திய அரசு உத்தரவு போட்டது, பணம் எங்கிருந்து வரும் என்று அதில் ஒரு வரி இல்லை, மே மாசம் அதையும் வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். கல்யாணச் சமையல்காரர்கள், ஓலைக் கொட்டான் பின்னுகிற ஆச்சிமார், இவர்களை யார் கேட்டார்கள்? விமானத்தில் காலே வைக்காதவன் வரிப்பணத்தில் பைலட்டுக்குச் சம்பளம் கொடுக்கணுமா?

ரேம்ப்காரன்
அண்ணே, விமானம் என்றதும் உங்களுக்குப் பைலட்தான் ஞாபகம் வருகிறார். நான் லோடர், பெட்டி ஏற்றி இறக்குகிறவன். ஒரு விமானம் வந்து நின்றால் சாமான் வைக்கிற கார்கோ ஹோல்டுக்குள் முட்டி போட்டு உட்கார்ந்து (நிமிர முடியாது, தலை இடிக்கும்) பெட்டிகளைத் தள்ளிக்கொண்டே இருக்கணும். மேலே ஏசி, எங்களுக்கு வெந்த தகரம். வேலை போனபோது என் சம்பளம் உங்கள் பட்டறை ஆளுக்குப் பக்கத்தில்தான் இருந்திருக்கும்.

அப்புறம், எனக்கு வேலை போனது என்றுகூடச் சொல்ல முடியாது. நான் இருந்தது ஒரு காண்ட்ராக்ட் கம்பெனி, பேர் வேண்டாம். நீக்கினோம் என்று தாள் தரவில்லை, "கூப்பிடுறோம்" என்றார்கள். அந்த வருஷம் இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்தில் வேலை இழந்தவர்களுக்குச் சராசரிக் கூலியில் பாதியை 90 நாள் வரைக்கும் தந்தார்கள், முன்பு அது கால்பங்கு. எனக்குச் சந்தா பிடித்தவர்கள்தான், ஆனால் கம்பெனிக் கணக்கில் நான் இன்னும் வேலையில் இருக்கிறேன், அப்படியிருக்க எதை வைத்து விண்ணப்பம் போடுவது? பிஎப்பில் எடுக்க விட்டார்கள், எடுத்தேன். அது என் பணம்தானே, உதவி என்று எப்படிச் சொல்ல?

ஆத்தங்குடிப் பட்டறை
உன்னைச் சொல்லவில்லை தம்பி. உனக்குப் போகணும் என்றால் நானும் சரி என்பேன். கம்பெனி கையில் கொடுத்தால் உனக்கு வருமா, அதைச் சொல்லு.

கண்டனூர் பேரேடு
நான் பேச வந்ததும் அதுதான். 38 வருஷம் வங்கியில் இருந்தவன், அதற்கு முன் எங்கள் பாட்டையா பர்மாவில் கொண்டுவிக்க, அதாவது வட்டிக்கடை நடத்த, போனவர். ஈடு இல்லாமல் பணத்தை வெளியே விடுவது எங்கள் ரத்தத்திலேயே இல்லை. ஜெர்மனி செய்ததைப் பாருங்கள். அவர்கள் விமான நிறுவனம் லுப்தான்சாவுக்கு 900 கோடி யூரோ வரை திட்டம், பதிலுக்கு 20 சதவீதப் பங்கை அரசு எழுதி வாங்கியது. 2022 செப்டம்பரில் பங்கை முழுக்க விற்று லாபம் பார்த்தது. கடன் கொடுத்தவனும் பிழைத்தான், வாங்கியவனும் பிழைத்தான். பெரிய நிறுவனம் கை நீட்டினால் பங்கைக் கொடு என்று கேளுங்கள், சும்மா கொடுத்தால் அது தர்மக் கணக்கு.

ரேம்ப்காரன்
ஐயா, உங்கள் பேரேட்டில் பணம் வரவாகிவிட்டது. ஆள்? அந்தக் குழுமத்தில் 2019 கடைசியில் சுமார் 1,38,000 பேர், அடுத்த வருஷக் கடைசியில் சுமார் 1,10,000. அத்தனை கோடிக்குப் பிறகும்.

கண்டனூர் பேரேடு
விற்றுவிட்ட பிரிவுகளும் அதில் சேர்த்தி. ஆனாலும் நீங்கள் சொல்வது சரி, மறுக்கவில்லை. எனக்கு ஈடு பற்றித்தான் தெரியும்.

தேவகோட்டை மீனா
சிங்கப்பூரில் இருந்து எழுதுகிறேன். இங்கே அரசு விமானத் துறை ஆட்களின் மாதச் சம்பளத்தில் முதல் 4,600 வெள்ளிக்கு 75 சதவீதத்தைக் கொடுத்தது. அப்படியும் 2020 செப்டம்பரில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் குழுமம் 4,300 பணியிடங்களைக் குறைக்கப் போவதாக அறிவித்தது; காலியிடத்துக்குப் புது ஆள் சேர்க்காமல் விட்டது, விருப்ப ஓய்வு எல்லாம் கழித்து உண்மையில் வேலை இழந்தவர்கள் 2,400 பேர் அளவில். கேபின் க்ரூ சிலர் மருத்துவமனைகளில் நோயாளிகளுக்கு உதவியாளராகப் போனார்கள், எனக்கு அது பிடித்திருந்தது. ஆளை வீட்டில் உட்கார வைத்துச் சம்பளம் கொடுப்பதைவிட மேல்.

பட்டறை அண்ணன் பைலட் பற்றிக் கேட்டதற்கு ஒன்று. 90 நாளில் மூன்று தடவையாவது விமானத்தை ஏற்றி இறக்காத பைலட்டைப் பயணிகளோடு அனுப்ப முடியாது, திரும்ப சிமுலேட்டரில் (விமானம் ஓட்டிப் பழகுகிற பயிற்சிக் கருவி) உட்கார வைக்கணும். உங்கள் அகப்பைக்காரருக்குக் கை மறக்காது, இவர்களுக்குச் சட்டப்படியே மறந்துவிடும்.

ஆத்தங்குடிப் பட்டறை
அகப்பைக்காரனுக்கும் மறக்கும் அம்மா. அந்த ஏழு பேரில் இரண்டு பேர் திருப்பூர் போனவர்கள் திரும்பவே இல்லை. ஒருத்தன் பூப்போட்ட கல்லில் கெட்டிக்காரன். அந்த டிசைன் எனக்கு இன்னும் சரியாக வரவில்லை.

ரேம்ப்காரன்
அதைத்தான் நானும் சொல்கிறேன் அண்ணே. லோடர்தானே, நாளைக்கு நூறு பேர் வருவான் என்று நினைக்கிறார்கள். ஆள் வருவான், பாஸ் வராது. போலீஸ் சரிபார்ப்பு முடிந்து ஏர்போர்ட் பாஸ் கைக்கு வரும் வரை விமானம் நிற்கிற ரேம்ப் பக்கம் கால் வைக்க முடியாது. 2022 கோடையில் லண்டன் ஹீத்ரோவில் என்ன ஆச்சு? ஆட்களை அனுப்பிவிட்டுக் கூட்டம் திரும்பியதும் சமாளிக்க முடியாமல், புறப்படும் பயணிகள் நாளுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வேண்டாம் என்று வரம்பு போட்டார்கள். பெட்டிகள் மலையாகக் குவிந்தன. விமானம் இருக்கிறது, பைலட் இருக்கிறார், பெட்டி தூக்க ஆள் இல்லை. (அந்தப் படங்களைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது, மன்னிக்கவும்.)

பள்ளத்தூர் பையன்
அப்படியானால் பணத்தைக் கம்பெனிக்குக் கொடுக்காமல் ஆள் கணக்கில் நேராகப் போட வேண்டியதுதானே?

ரேம்ப்காரன்
போடலாம். இஎஸ்ஐ எண் இருக்கிறது, வங்கிக் கணக்கு இருக்கிறது. விமானம் நின்ற நாளே துறைக்காரன் என்று எண்ணை வைத்துக் கண்டுபிடிக்கலாம், முதலாளி தாள் எதற்கு? பட்டறை ஆளுக்கும் அதே வழிதான், அவர் எங்கேயாவது பதிவாகியிருந்தால். ஆஸ்திரேலியாவில் குவாண்டாஸ் விமான நிறுவனம் அரசிடம் சம்பள உதவியும் வாங்கிக்கொண்டு, கிட்டத்தட்ட 1,700 தரைப்பணி ஆட்களை நீக்கிவிட்டு வேலையை வெளியே காண்ட்ராக்டுக்குக் கொடுத்தது. அது சட்டவிரோதம் என்று 2023இல் அங்கே உச்ச நீதிமன்றம் சொன்னது. மூன்று வருஷம் கழித்து.

ஆத்தங்குடிப் பட்டறை
என் ஆட்கள் எங்கேயும் பதிவில்லை. அது என் தப்புதான். சந்தா கட்டினால் கல் விலை ஏறும், விலை ஏறினால் மெஷின் டைல்ஸ்காரன் தட்டிக்கொண்டு போவான் என்று தள்ளிப் போட்டேன். ஆனாலும் உங்களுக்கு மட்டும் தனித் திட்டம் என்றால் நான் எதிர்ப்பேன், எல்லோருக்கும் என்றால் கையெழுத்துப் போடுகிறேன்.

கண்டனூர் பேரேடு
நம் செட்டிநாட்டில் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் சும்மா கிடக்கிறது, அதில் விமானம் இறங்க வேண்டும் என்று கேட்கிறவர்கள் இந்தக் கேள்வியையும் சேர்த்துக் கேட்கலாம். சரி, எங்கேயோ போகிறேன்.

ரேம்ப்காரன்
பள்ளத்தூர் தம்பி, அக்கா மகனுடைய வேலை ஆர்டரை எடுத்துப் பாருங்கள். மேலே யார் பேர் போட்டிருக்கிறது? விமானக் கம்பெனியா, வேறா?

பள்ளத்தூர் பையன்
இப்போதுதான் வாட்ஸ்அப்பில் வாங்கிப் பார்த்தேன். விமானக் கம்பெனி பேர் எங்கேயுமே இல்லை. ஏதோ ஆள் அனுப்புகிற ஏஜென்சி, 11 மாசம், அப்புறம் 'தேவைக்கேற்ப' என்று போட்டிருக்கிறது. பெரியப்பச்சியிடம் இன்னும் காட்டவில்லை.