பாஹின் ஐந்தாம் பிராண்டன்பர்க் கான்செர்ட்டோ, மூன்றாம் பகுதி: அலசலுக்கு உதவி தேவை

நண்பர்களே, வணக்கம். ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹ் 1721-இல் பிராண்டன்பர்க் சிற்றரசருக்குக் காணிக்கையாக்கிய ஆறு கான்செர்ட்டோக்களில் (தனிக்கருவிகளும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்புகள்) ஐந்தாவதன் கடைசிப் பகுதியைத் தேர்வுக்காகப் படித்துக்கொண்டிருக்கிறேன். மூன்று நாட்களாக ஓரிடத்திலேயே நிற்கிறேன்.

தனி வயலின் மட்டும் கருப்பொருளைத் தொடங்குகிறது. இரண்டே பார்கள் (தாளக் கட்டங்கள்) கழித்துப் புல்லாங்குழல் அதைப் பற்றிக்கொள்கிறது, பிறகு ஹார்ப்சிகார்டு (பியானோவுக்கு முந்தைய விசைப்பலகைக் கருவி). இதுவரை ஃபியூக் (ஒரே கருப்பொருளைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னும் வடிவம்) என்று எழுதிவிடலாம். ஆனால் முதல் 78 பார்கள் இறுதியில் அப்படியே திரும்பி வருகின்றன. அப்படியானால் வடிவத்தை ஃபியூக் என்பதா, அ-ஆ-அ என்ற மூன்று பிரிவுகள் என்பதா? இரண்டையும் சேர்த்துச் சொல்வதே சரி என்று எனக்குப் படுகிறது.

நடுப்பகுதிதான் உண்மையான சிக்கல். டி மேஜரிலிருந்து அதன் உறவு ஸ்கேலான பி மைனருக்கு இசை நகர்கிறது. இரண்டுக்கும் ஷார்ப் (சுரத்தை அரைப்படி உயர்த்தும் குறி) இரண்டுதான் என்பதால், பி மைனரைக் காட்டிக்கொடுக்கும் ஏ ஷார்ப் வரும் இடங்களையெல்லாம் பென்சிலால் வட்டமிட்டுத்தான் அடையாளம் கண்டேன். அங்கே புல்லாங்குழல் பாடும் மெட்டு புதியதாகக் கேட்கிறது. ஆனால் அதன் தொடக்கச் சுரங்களைப் பாருங்கள், முதல் கருப்பொருளின் சாயல் தெளிவாகத் தெரிகிறது. எத்தனை அழகான வேலை! இதைப் புதுக் கருப்பொருள் என்பதா, பழையதன் வளர்ச்சி என்பதா?

இழையமைப்பிலும் (குரல்கள் ஒன்றோடொன்று பின்னும் விதம்) ஓர் ஐயம். ஹார்ப்சிகார்டு ஒருபுறம் தனிக்கருவி, மறுபுறம் பக்கவாத்தியம். அதன் இரு கைகளையும் தனித்தனிக் குரல்களாக எண்ணலாமா? பார் எண்ணோடு விளக்கினால் மிகவும் உதவியாக இருக்கும். வெள்ளிக்கிழமைக்குள் கட்டுரையை ஒப்படைக்க வேண்டும்.