ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் படித்தவர்கள் அனுபவம் சொல்லுங்க

கோபி தடை ஓட்டம்:
அண்ணன் மகளுக்குக் கோவையில் ஒரு கல்லூரியில் ஸ்போர்ட்ஸ் கோட்டா சீட் வந்திருக்கிறது. “ஃபீஸ் இல்லை, ஹாஸ்டல் இலவசம், அப்புறம் என்ன யோசனை?” என்கிறார் அண்ணன். அதே மாதிரி சீட்டில் படித்தவள் நான். அந்த ஃபீஸைக் காலால் கட்ட வேண்டும்.

என்னுடையது 400 மீட்டர் தடை ஓட்டம். முதல் தடைக்கு 45 மீட்டர், அப்புறம் 35 மீட்டருக்கு ஒன்றாக மொத்தம் பத்து. ஆறேழு தடை வரைக்கும் காலடிக் கணக்கு சரியாக வரும். அதற்குமேல் தொடை கல்லாகிக் காலடி குட்டையாகிவிடும். எந்தக் காலை முன்னால் போடுவது என்பதை ஓடிக்கொண்டேதான் முடிவு செய்ய வேண்டும். கல்லூரி மைதானம் செம்மண், போட்டி நேரு ஸ்டேடியத்தில் சிந்தெடிக் தளம். போட்டிக்கு முந்தின ராத்திரி ஸ்பைக்ஸ் ஷூவில் நீளப் பின்னைக் கழற்றிக் குட்டைப் பின் மாட்டணும். மண் இறுகி, சாவி திரும்பாது. கொண்டை ஊசியால் குத்திக் குத்தி எடுத்தால்தான் கழலும்.

போட்டிக்குப் போனால் ஓ.டி.யில் (ஆன் டியூட்டி) அட்டெண்டன்ஸ் வரும், பாடம் வராது. நான் பி.காம்., லேப் இல்லை, தப்பித்தேன். தொடைப் பின்சதை கிழிந்த வருஷம் மெடல் இல்லை. உடனே ஆபீசில் கூப்பிட்டு ஃபீஸ் கட்டச் சொன்னார்கள். பி.டி. சார் சண்டை போட்டுப் பாதியாகக் குறைத்தார். அடிபட்டால் சலுகை தொடருமா என்பதைச் சேரும்போதே எழுத்தில் வாங்கிவிடுவது நல்லது.

அதுக்காக வேண்டாம் என்று சொல்லவில்லை. அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டிக்காக எங்கள் வீட்டிலிருந்து வடநாட்டுக்கு ரயில் ஏறிய முதல் ஆள் நான்தான்.

பெருந்துறை ரெய்டர்:
லாபத்தையும் சொல்லுங்கக்கா. அரசு வேலையில் விளையாட்டுக்காரர்களுக்கு 3 சதவீதம் ஒதுக்கீடு இருக்குதுங்க. ரயில்வேயிலும் கோட்டா உண்டு. ஆனால் எல்லா சர்டிபிகேட்டும் செல்லாது. எந்த அமைப்பு நடத்தியது, எந்த அளவிலான போட்டி என்று பார்ப்பார்கள். ஊர்த் திருவிழா நோம்பிக் கபடியில் வாங்கிய கப்பெல்லாம் எங்கள் வீட்டு அட்டாலிப் பரணில் தூங்குது. எடை வரம்புக்காக ஹாஸ்டல் பிரியாணியை விட்டுவிட்டுக் கொள்ளு ரசம் குடித்தவன் நான். ஊருக்கு வந்தால் அமுச்சி (அம்மாவின் அம்மா), “இப்படி எளச்சுப் போயிட்டியே சாமி” என்று ஒரு பாட்டம் அழுவார்.

சேலத்தான்:
மாரியப்பன் தங்கவேலு எங்கள் சேலத்தில் பி.பி.ஏ. படித்தவர். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வாங்கினார். அதைப் பார்த்த பிறகுதான் என் அப்பா, “ஓடிக் கிழிச்சது போதும்” என்பதை நிறுத்தினார். ஆமா, பாப்பா என்ன கோர்ஸுங்க?

கோபி தடை ஓட்டம்:
மைக்ரோபயாலஜி.

சேலத்தான்:
லேப் இருக்குமே! அப்போ பி.டி. சாருக்கு முன்னால் துறைத் தலைவர் எச்.ஓ.டி.யைப் போய்ப் பாருங்க.