கான்வி: மதிலுக்குள் குடியிருப்பவர்களுக்கு எவ்வளவு கட்டுப்பாடு?

கோட்டைப்பித்தன்:
வட வேல்ஸில் இருக்கும் கான்வி சின்ன ஊர்தான். ஆனால் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் 1283-இல் கட்டத் தொடங்கிய கோட்டையும், ஊரைச் சுற்றி ஏறத்தாழ 1.3 கிலோமீட்டர் நீளும் மதிலும், அதன் 21 கோபுரங்களும் இன்னும் நிற்கின்றன. 1986 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கின்றன. பாதுகாக்கப்பட்ட வீடுகளில் ஜன்னல் மாற்றக்கூட அனுமதி வேண்டும் என்ற விதியை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன். தெருவுக்குப் பத்து வீட்டில் மரச்சட்டத்தைப் பிடுங்கிவிட்டு பிளாஸ்டிக் ஜன்னல் வைத்தால் போதும். மதில் மிஞ்சும், ஊர் மிஞ்சாது.

நிலா:
அந்த ஜன்னலுக்குப் பின்னால் குளிரில் இருப்பவர்களை யோசித்தீர்களா? கடலோர ஊர், ஈரம் ஏறும் கல் சுவர், ஒற்றைக் கண்ணாடி. அப்புறம், யாருடைய பழமையைக் காக்கிறோம்? வேல்ஸ் மன்னர் லிவெலின் அடக்கம் செய்யப்பட்ட கிறிஸ்தவ மடம் அங்கே இருந்தது. துறவிகளை மைனான் என்ற வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டு, வேல்ஸை அடக்கி வைக்க, ஆங்கிலேயக் குடியேறிகளுக்காக எழுப்பிய ஊர் அது.

கோட்டைப்பித்தன்:
உண்மை, மறுக்கவில்லை. அந்த அநீதிக்கு மதில்தான் சாட்சி, அதனாலும் அது நிற்க வேண்டும். ஆனால் கதை அதோடு முடியவில்லையே. மடத்தின் தேவாலயம் ஊர்த் தேவாலயமாகி இன்றும் இருக்கிறது. அதே மதிலுக்குள் ராபர்ட் வின் என்ற வேல்ஸ்காரர் 1576-இல் பிளாஸ் மவுர் மாளிகையைக் கட்டத் தொடங்கினார். வெளியே நிறுத்தப்பட்டவர்கள் உள்ளே வந்து ஊரைத் தங்களுடையதாக்கிய தடயம் அது.

ரயில்நேசன்:
ஒவ்வொரு காலமும் அந்த ஊரில் கை வைத்திருக்கிறது. 1826-இல் பொறியாளர் டெல்ஃபோர்ட் கோட்டை வாசலிலேயே தொங்குபாலம் கட்டினார், தூண்களுக்குக் கோட்டைச் சாயல் கொடுத்தார். பிறகு பொறியாளர் ஸ்டீவன்சனின் ரயில் பாதை மதிலையே துளைத்துப் போனது. ஏ55 நெடுஞ்சாலைக்கு மட்டும் இன்னொரு பாலம் வேண்டாம் என்று ஆற்றுக்கு அடியில் சுரங்கம் போட்டார்கள், 1991-இல் திறந்தார்கள். கோட்டையின் காட்சி கெடவில்லை. எனக்கு இதுதான் நல்ல முன்மாதிரி.

நிலா:
ரயில்நேசன், நீங்கள் சொன்னதிலேயே என் வாதம் இருக்கிறது. சுரங்கத்துக்கு அரசு செலவழித்தது. மர ஜன்னலுக்கு வீட்டுக்காரர் செலவழிக்கிறார். ஊரின் அழகைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் விடுமுறை வீடு வாங்கினால் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு விலை எட்டாது. இரண்டாம் வீடுகளுக்கு 300 சதவீதம் வரை கூடுதல் உள்ளாட்சி வரி போட 2023 முதல் வேல்ஸ் உள்ளாட்சி மன்றங்களுக்கு அதிகாரம் இருக்கிறது. அந்தப் பணத்தை இங்கே திருப்பலாமே.

கோட்டைப்பித்தன்:
மானியம் கொடுக்கட்டும், அதில் உங்களோடு நிற்கிறேன். பழைய ஜன்னலை எடுக்காமல் உட்புறம் இன்னொரு கண்ணாடி பொருத்தலாம், குளிர் நன்றாகவே குறையும். ஆனால் பிளாஸ்டிக்குக்கு அனுமதி கிடையாது.

நிலா:
உள்கண்ணாடி சரி. மானியம் முதலில் வரட்டும். பணத்துக்கு வழி சொல்லாமல் பாட்டி ஒருவரின் விண்ணப்பத்தை நிராகரிப்பதை என்னால் ஏற்க முடியாது.