புதுப்பிப்பு: சின்னப் பிஸ்டலில் ரவை விரியாத விசயம், காரணம் பிடிபட்டது

டெக்சாஸில் இருக்கும் மச்சானின் 3 அங்குலக் குழல் 9 மிமீ பிஸ்டல் பற்றிப் போன மாதம் யாழ்ப்பாணத்திலிருந்து கேட்டிருந்தேன். நான்கு மடிப்பு டெனிம் (ஜீன்ஸ் துணி) வழியாகச் சுட்ட தற்காப்பு ரவைகள், அதாவது முனையில் குழியோடு, உடலில் பட்டதும் விரியும்படி செய்தவை, விரியாமல், தசைக்குப் பதிலாகச் சோதனைக்கு வைக்கும் ஜெலட்டின் கட்டியில் 24 அங்குலம் தாண்டிப் போயின. பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி.

முதலில் ஜெலட்டினைப் பாருங்கள் என்ற அண்ணா சொன்னதுதான் சரி. 10 வீத ஜெலட்டின் 4 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும்; பதம் சரியென்றால், நொடிக்குச் சுமார் 180 மீட்டர் வேகத்தில் சுடும் சிறு உருக்குக் குண்டு ஏறக்குறைய 8.5 செமீ போக வேண்டும். மச்சானுடையதில் 12 செமீ. வெயிலில் கராஜில் வைத்தால் வேறென்ன நடக்கும்!

குளிரவைத்து, டெனிம் இல்லாமல் சுட்டதில் 14 அங்குலம், எப்.பி.ஐ. (அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறை) கேட்கும் 12–18க்குள்.

எதிர்பாராதது அப்புறம் வந்தது. டெனிம் போட்டதும் ஐந்தில் மூன்று மறுபடி விரியவில்லை. குட்டைக் குழலில் வேகம் குறைவு, முனைக் குழியையும் துணி அடைத்துவிடுகிறது. குட்டைக் குழலுக்கென்றே செய்த ரவையில் ஐந்தும் விரிந்தன. ஆக, ரவையை மாற்றச் சொன்னவர்களும் பிழையில்லை.