அம்மோனைட் வகைப்பாடு: வரிசையா, துணைவரிசையா?

தொல்லுயிரியல் தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள். அம்மோனைட்களுக்கு (அழிந்துபோன, சுருள் ஓடுள்ள கடல் உயிரினங்கள்) ஒரு வகைப்பாட்டு அட்டவணை தயாரிக்கிறேன். தலைக்காலிகள் (கணவாய், ஆக்டோபஸ் அடங்கிய வகுப்பு), அதற்குள் அம்மோனாய்டியா துணைவகுப்பு, இதுவரை சரி. ஓட்டுக்குள் இருக்கும் அறைச்சுவர் வெளி ஓட்டின் சுவரைத் தொடும் கோட்டின் நெளிவை வைத்து கோனியடைட், செரடைட், அம்மோனைட் என்று பிரிப்பதும் புரிகிறது. நெளிவு கூடக்கூடக் கோடு அவ்வளவு அழகு!

குழப்பம் அதற்குக் கீழேதான். ஃபில்லோசெரட்டினா, லைட்டோசெரட்டினா என்ற இரண்டு அம்மோனைட் குழுக்களையும் சிலர் அம்மோனிட்டிடா வரிசையின் துணைவரிசைகளாக வைக்கிறார்கள், சிலர் தனி வரிசைகளாகவே உயர்த்திவிடுகிறார்கள். இப்போது எதைப் பின்பற்றலாம்?

அப்புறம், ஒரே இனத்தின் பெரிய ஓட்டுக்கும் சிறிய ஓட்டுக்கும் (ஆண், பெண் வேறுபாடு என்கிறார்கள்) முன்பு தனித்தனிப் பேரினப் பெயர்களே வைத்திருக்கிறார்கள். அட்டவணையில் அவற்றை ஒன்றாகச் சேர்ப்பதா, பிரித்தே விடுவதா? காரணத்தோடு சொன்னால் நல்லது.